கணவாய்க்கு மூன்று இதயம் இருந்தால் என்ன?

துணுக்குச் செய்தி சேர்ப்பது எனக்குச் சிறு வயதிலிருந்தே இருக்கிற கிறுக்கு. வார இதழில் தொடர்கதை முடிந்து மிஞ்சுகிற கால் பக்கத்தை அடைப்பதற்காக ‘உங்களுக்குத் தெரியுமா?’ என்று நாலு வரி போடுவார்களே, நான் முதலில் திருப்புவது அந்தப் பக்கத்தைத்தான். நெருப்புக்கோழியின் கண் அதன் மூளையைவிடப் பெரியது, பனை மரமே இல்லை, தொல்காப்பியக் கணக்குப்படி அது புல் வகை, இப்படி எதையாவது தெரிந்துகொண்டால் அன்றைக்கு யாரிடமாவது சொல்லியாக வேண்டும். எங்கள் ராமநாதபுரத்தில் கேட்க ஆளுக்கும் குறைவில்லை. பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள டீக்கடைகளில் குரூப் ஃபோர் வழிகாட்டியை மடக்கிப் பிடித்தபடி யாராவது நின்றுகொண்டிருப்பார்கள். ‘இந்தியாவின் முதல் கடல் பாலம் எது?’ என்று ஒருவர் ஆரம்பித்தால், ‘நம்ம பாம்பன்தானே’ என்று வடை பிட்டுக்கொண்டிருப்பவர் வரைக்கும் பதில் சொல்வார்.

என் அக்கா வீட்டுக்காரருக்கு இதில் பொறுமை கிடையாது. தங்கச்சிமடத்தில் மீன் ஏலத்தில் நின்று வியாபாரம் பார்க்கிற மனிதர். ஒரு நாள் அவர் வீட்டில் கணவாய்க் குழம்பு. சும்மா இருக்க முடியாமல், கணவாய்க்கு மூன்று இதயம், அதன் ரத்தத்தில் இரும்புக்குப் பதிலாகச் செம்பு இருக்கிறது, அதனால் ரத்தம் நீலம் என்றெல்லாம் எடுத்துவிட்டேன். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். மச்சான் சோற்றைப் பிசைந்தபடியே, “மாப்ளே, கணவாய்க்கு மூணு இதயம் இருந்தா என்ன, முப்பது இருந்தா என்ன? இது தெரிஞ்சா ஏலத்துல அரைக் கிலோ கூட அள்ளிப் போடுவானா?” என்றார். அக்கா சிரித்தாள், நானும் சிரித்து வைத்தேன்.

ஆனால் அந்தக் கேள்வி போகவில்லை. தைக்கும்படியாக அவர் எதுவும் சொல்லிவிடவில்லை. எனக்குப் பதில் இல்லாததுதான் உறுத்தியது. பரீட்சைக்கு உதவும் என்று சொல்லலாம் என்றால், நான் பரீட்சை எழுதுகிற வயதைத் தாண்டி வெகுகாலம் ஆகிறது. அறிவு வளரும் என்பது பள்ளி ஆண்டு விழாவில் பேசுகிற பேச்சு. சுவாரஸ்யமாக இருக்கிறது, அதனால் சொல்கிறேன் என்பதுதான் உண்மை. அதுவும் ஒரு பதில்தான், சரி. ஆனால் மீன் ஏலத்தில் நிற்கிறவரிடம் சொல்லி நிற்கக்கூடிய பதிலா?

வேன்காரர் சொன்ன கடல்

முதலில் எனக்கு வந்த சந்தேகம், நாம் பரிமாறிக்கொள்கிற துணுக்கில் எத்தனை உண்மை என்பதுதான். 2017இல் அரிச்சல்முனை வரைக்கும் தார்ச் சாலை வந்த பிறகு தனுஷ்கோடிப் பக்கம் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும். வேன் ஓட்டுநர்களே பாதி வழிகாட்டிகள். இடது கைப் பக்கம் பெண் கடல், வலது கைப் பக்கம் ஆண் கடல்; பெண் கடலில் எப்போதும் அலை இருக்காது, ஆண் கடல் எப்போதும் சீறும்; முனையில் இரண்டும் நேருக்கு நேர் வந்தாலும் ஒன்றோடொன்று கலக்காது. இதைக் கேட்டுக் கைபேசியில் படம் பிடித்து, ‘கலக்காத இரு கடல்’ என்று தலைப்புப் போட்டு அனுப்பாத குடும்பம் அபூர்வம்.

ஆண் கடல், பெண் கடல் என்பது வேன்காரர்கள் கட்டிவிட்ட கதை இல்லை. மன்னார் வளைகுடாவையும் பாக் விரிகுடாவையும் எங்கள் கரையில் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் சொல்கிறார்கள். கோளாறு அந்த ‘எப்போதும்’ என்கிற சொல்லில்தான் இருக்கிறது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில், அதாவது தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது, மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். பாக் விரிகுடா தட்டில் ஊற்றிய எண்ணெயாகக் கிடக்கும். வாடை திரும்பியதும் கதையும் திரும்பிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வடக்குக் கரைக்குப் போய் நின்று பாருங்கள், பெண் கடல் என்று பெயர் வைத்தவரை எந்த மாதத்தில் பிறந்தவர் என்று கேட்கத் தோன்றும். சுற்றுலா வருகிறவர்கள் பெரும்பாலும் மே மாத விடுமுறையில் வருகிறார்கள். அந்த மாதத்தில் கண்ணுக்குத் தெரிவதே வருடம் முழுக்க உள்ள உண்மையாகிவிடுகிறது. மீன்பிடிக்கிறவர்களுக்கு இந்த வசதி கிடையாது. காற்று மாறும்போது இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் குடும்பத்தோடு பெயர்ந்து தங்கல் போட்டுத் தொழில் செய்த வழக்கம் இங்கே நெடுங்காலமாக உண்டு. ஒரே மனிதர் வருடத்தில் பாதி ஆண் கடலிலும் மீதி பெண் கடலிலும் வலை வீசியிருக்கிறார், இரண்டிலும் அமைதியான பாதியைத் தேர்ந்தெடுத்து.

கலக்காத கடல் என்பதோ முழுக் கற்பனை. நீர் கலக்கிறது, அதோடு மணலும் போய்வருகிறது. முனையின் உருவமே பருவத்துக்குப் பருவம் மாறுவது அதனால்தான். எனக்கு எரிச்சல் தருவது பொய் இல்லை. காற்றைப் பார்த்துக் கரை மாறுகிற மக்கள் என்கிற உண்மை, கலக்காத கடல் என்கிற கட்டுக்கதையைவிடப் பத்து மடங்கு சுவையானது. அதைச் சொல்ல நாலு வரி அதிகம் வேண்டும், அவ்வளவுதான். துணுக்கின் நீளத்துக்குள் அடங்குகிற விஷயம் மட்டும் ஊர் சுற்றுகிறது, அடங்காதது கரையிலேயே தங்கிவிடுகிறது.

மிளகாயும் தொதலும்

சாப்பாட்டு விஷயத்தில் இது இன்னும் மோசம். எங்கள் ஊர்க் குண்டு மிளகாய்க்கு, ராமநாதபுரம் முண்டு என்ற பெயரில், 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைத்த நாளிலிருந்து அது பொது அறிவுக் கேள்வி. ‘எந்த மாவட்டம்?’ ‘எந்த ஆண்டு?’ அதோடு முடிந்தது. மிளகாய் இந்த மண்ணுக்கே உரியது இல்லை, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, 1498க்குப் பிறகு போர்த்துகீசியர் கப்பலில் நம் கரை ஏறியது என்பது அடுத்த கட்டத் துணுக்கு. அதுவும் ஓரளவு பரவியிருக்கிறது. அதற்கு அடுத்ததுதான் எனக்குப் பிடித்தது. மிளகாயின் காரம் பறவைக்கு உறைக்காது. கேப்சைசின் என்கிற அந்தப் பொருள் நம் நாக்கில் தொடுவது, சூட்டை உணர்கிற அதே நரம்பு வாயிலை. நாக்கு ‘சுடுகிறது’ என்றுதான் மூளைக்குச் சொல்கிறது. அந்த வாயிலைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. பறவைகளிடம் இருக்கும் வாயிலைக் கேப்சைசினால் திறக்க முடியாது. விதையை மென்று நசுக்குகிற விலங்கை விரட்டிவிட்டு, முழுதாக விழுங்கித் தொலைவில் கொண்டுபோய்ப் போடுகிற பறவையை மட்டும் அனுமதிக்கிற ஏற்பாடு. ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் களத்தில் காயப்போட்ட மிளகாயில் கிளி உட்கார்ந்து சாவகாசமாகக் கொத்துவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதே இல்லை. கிளிக்கு உறைக்காது என்று அவர்களுக்குத் தெரியும். ஏன் என்பதுதான் அவர்களிடம் வந்து சேரவில்லை.

கீழக்கரைத் தொதல் என்கிற இனிப்புக்கும் இப்படி ஒரு பின்கதை உண்டு. என் நண்பன் வீட்டில் பெருநாளுக்குத் தொதல் கிண்டுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அரிசி மாவைத் தேங்காய்ப் பாலில் கட்டியில்லாமல் கரைத்து, கருப்பட்டியைக் காய்ச்சி மண் போக வடிகட்டி அதில் ஊற்றி, அகலமான உருளியில் விறகு அடுப்பில் ஏற்றுவார்கள். அப்புறம் கிண்ட வேண்டியதுதான். முதல் ஒரு மணி நேரம் ஒன்றுமே நடக்காததுபோல் கூழாகக் கொதிக்கும். பிறகு நிறம் மாறி, கரண்டியை இழுத்தால் பின்னாலேயே வராமல் திமிரும். அப்போதுதான் ஆள் மாற்றிக்கொள்வார்கள். ஒரு கைக்கு அது தாங்காது. கடைசியில் தேங்காய்ப் பாலிலிருந்த எண்ணெய் தானாகப் பிரிந்து ஓரத்தில் கசிய ஆரம்பிக்கும். வெளியிலிருந்து நெய் ஊற்றாமலே உருளியைவிட்டு மொத்தமும் சுருண்டு விலகி வரும். நண்பனின் உம்மா விரலை ஈரப்படுத்திக்கொண்டு ஒரு துளியை உருட்டிப் பார்த்தார். ஒட்டவில்லை. “இறக்கு” என்றார்.

இதே பண்டம் ஜாவாவிலும் மலேசியாவிலும் தோடோல், இலங்கையில் களு தொதல், கோவாவில் கிறிஸ்துமஸ் பலகாரம். எங்கிருந்து எங்கே போனது என்று நண்பனும் அவன் மாமாவும் அன்று சாப்பிட்டு முடிக்கும்வரை சண்டை போட்டார்கள். மரக்காயர்கள் கப்பல் ஓட்டிய கரை இது. பெரியபட்டினத்தில் மண்ணைத் தோண்டினால் சீனப் பீங்கான் சில்லு கிடைக்கிறது, அழகன்குளத்தில் ரோமானிய நாணயம் கிடைத்தது. போனதும் வந்ததும் கலந்த இடத்தில், யார் வீட்டு உருளி முதல் உருளி என்பதைக் கண்டுபிடிப்பது நடக்கிற காரியமா? ஜாவாப் பக்கம்தான் பிறந்த வீடு என்று எனக்குத் தோன்றுகிறது. மாமாவிடம் அதைச் சொல்லவில்லை, எனக்கு இன்னொரு துண்டு தொதல் வேண்டியிருந்தது.

இவ்வளவையும் மச்சானிடம் சொல்லியிருந்தாலும் அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார். தொதல் எங்கே பிறந்தால் என்ன?

பாசி எடுக்கிற அக்கா

அந்தக் கேள்விக்கு ஒரு மாதிரியான பதில் எனக்கு வேதாளைப் பக்கம் கிடைத்தது. தெரிந்தவர் வீட்டு விசேஷம். சாப்பிட்டுவிட்டுக் கரைப் பக்கம் நடந்தேன். கிழிந்த வலைகளை மணலில் விரித்து அதன்மேல் பாசி காயப்போட்டிருந்தார்கள். கஞ்சிப்பாசி. கடலிலிருந்து எடுத்த கையோடு பார்த்தால் கருஞ்சிவப்பாக, நூல் நூலாகக் கிளைவிட்டு வழவழவென்று இருக்கும். வெயிலில் காயக் காய நிறம் வெளுத்து, மேலே உப்புப் பூத்து, கையில் எடுத்தால் நொறுங்குகிற பதத்துக்கு வந்துவிடும். ஓரத்தில் ஒரு அக்கா உட்கார்ந்து காய்ந்த பாசியைத் தட்டி மணலையும் சிப்பித் துண்டையும் உதறிக்கொண்டிருந்தார். விரல் நுனிகளில் பழந்துணி சுற்றியிருந்த தடம் அப்படியே தெரிந்தது. பாரில், அதாவது கடலடிப் பாறையில், கை வைத்துப் பாசியைப் பிடுங்கும்போது கீறாமல் இருக்கச் சுற்றுவது அது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இடுப்பில் வலைப்பையைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கி எடுக்கிற வேலை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வற்றம் நன்றாக இருக்கும் நாளாகப் பார்த்துப் போவார்கள். சூரியனும் சந்திரனும் ஒரே நேர்க்கோட்டில் இழுக்கும்போது ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம் என்று பாடப் புத்தகத்தில் படித்தது, இங்கே ஒரு பெண்ணின் மாதக் கூலியின் நாட்காட்டியாக இருக்கிறது.

பேச்சுக் கொடுத்தேன். என்ன செய்கிறேன், எந்த ஊர் என்றெல்லாம் கேட்டுவிட்டு, அவரே ஆரம்பித்தார். “தம்பி, நீ நாலு எழுத்துப் படிச்ச ஆளு மாதிரித் தெரியுற. இந்தப் பாசிய மூட்ட மூட்டையா வாங்கிட்டுப் போறாங்களே, என்னதான் பண்றாங்க? நோன்புக்குப் பாய் வீட்டுல பால் ஊத்திக் குடுப்பாங்கள்ல, அந்தக் கடல்பாசி இதுலதான்னு தெரியும். அதுக்கு இம்புட்டு மூட்டையா வேணும்? ஒருத்தன் மாத்திரைங்கிறான், ஒருத்தன் ஐஸ்கிரீமுங்கிறான்.”

துணுக்குக்காரனிடம் இப்படி ஒரு கேள்வி வந்தால் விடுவானா? அகர் பற்றி எனக்குத் தெரிந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். பாசியைக் கொதிக்க வைத்து எடுக்கிற சாறு ஆறினால் கட்டியாக உறையும். அதுதான் அகர், கடைகளில் சைனா கிராஸ் என்று விற்பது. 1881வாக்கில் ஜெர்மனியில் ராபர்ட் கோக் என்பவரின் ஆய்வகத்தில் கிருமிகளைத் தனித்தனியாக வளர்த்துப் பார்க்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். உருளைக்கிழங்குத் துண்டில் வளர்த்துப் பார்த்தார்கள், எலும்பிலிருந்து எடுக்கிற ஜெலட்டினில் வளர்த்துப் பார்த்தார்கள். நம் உடம்புக்குள் வாழ்கிற கிருமிக்கு உடம்புச் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் ஜெலட்டின் உருகி ஓடிவிடும். போதாக்குறைக்குச் சில கிருமிகள் அதையே தின்று நீராக்கிவிடும். அங்கே வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸே என்பவருக்கு இதே தலைவலி. அவர் மனைவி ஃபேனி, ஆய்வுக்குத் துணையாகப் படங்கள் வரைந்து கொடுத்து வந்தவர். ‘வெயில் காலத்தில்கூட நீ செய்கிற ஜெல்லி உருகுவதில்லையே, எப்படி?’ என்று கணவர் கேட்க, நான் போடுவது அகர் என்று சொன்னார். ஜாவாவில் வாழ்ந்துவிட்டு வந்த டச்சுக்காரப் பக்கத்து வீட்டாரிடமிருந்து அவர் தெரிந்துகொண்ட சமையல் அது. அகர் ஒருமுறை உறைந்துவிட்டால் 85 டிகிரி வரைக்கும் அசையாது. பெரும்பாலான கிருமிகளால் அதைத் தின்னவும் முடியாது. அன்று ஆரம்பித்தது இன்றுவரை ஓடுகிறது. உங்களுக்குக் காய்ச்சல் என்று ரத்தமோ சளியோ எடுத்து என்ன கிருமி என்று பார்க்க அனுப்பினால், அது போய் முளைப்பது இப்படி ஒரு பாசிச் சாற்றின் மேல்தான்.

அந்த அக்கா தட்டுவதை நிறுத்தவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி. “அப்ப ஆஸ்பத்திரிக்குப் போற சாமானு. ஆஸ்பத்திரிச் சாமான் எதுவும் விலை இறங்கி நான் பாத்ததில்ல. எங்ககிட்ட மட்டும் ஏன் இறக்கிக் கேக்குறான்?”

கிருமி, ஜெர்மனி, 1881 என்று நான் அடுக்கியதில் அவர் பிடித்தது இந்த ஓர் இழையை. அதனால் அடுத்த விவரத்தையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. எல்லாப் பாசியும் ஒரே தரமாக உறையாது. கஞ்சிப்பாசியின் அகர் பெரும்பாலும் சமையலுக்கும் மிட்டாய்க்கும் போகும். ஆய்வகத்துக்குக் கெட்டியாக உறைகிற, சுத்தமான ரகம் வேண்டும். நம் கடலில் மரிக்கொழுந்துப் பாசிதான் நன்றாகக் கெட்டிப்படுவது. “அதான் அதுக்கு மட்டும் கூடக் குடுக்குறானா?” என்றார் உடனே. விலை வித்தியாசம் அவருக்கு வருடக்கணக்காகத் தெரியும். காரணம் யாரும் சொன்னதில்லை. மரிக்கொழுந்து பொடிசாகப் பாரோடு ஒட்டிக் கிடக்கும், பறிக்கக் கஷ்டம், அதனால்தான் கூட விலை என்று நினைத்திருந்தாராம். பக்கத்தில் மூட்டை தைத்துக்கொண்டிருந்த இன்னொரு பெண்ணைப் பார்த்து, “கேட்டியா, இது கஷ்டத்துக்குக் குடுக்குற காசு இல்லையாம்டி” என்றார்.

அப்புறம் கேட்டார், “அந்த ஜெர்மனிக்கார அம்மாவுக்கு என்ன குடுத்தாங்க?”

ஒன்றும் கொடுக்கவில்லை. காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாகக் கோக் 1882இல் வெளியிட்ட கட்டுரையில் அகர் பற்றிய பேச்சு ஒரே ஒரு வரி. ஹெஸ்ஸே என்கிற பெயர் அதில் இல்லை. கோக்குக்கு 1905இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆய்வகத்தில் இருந்த பெட்ரி, அகர் ஊற்றுகிற மூடி போட்ட கண்ணாடித் தட்டை 1887இல் உருவாக்கினார். அந்தத் தட்டுக்கு இன்றுவரை அவர் பெயர். ஃபேனிக்கும் அவர் கணவருக்கும் இதனால் காசு எதுவும் வரவில்லை. இதைச் சொன்னதும் இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சத்தமாகச் சிரித்தார்கள். “சரிதான், அங்கயும் இதே கதைதான்” என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்து அடுத்த விரிப்புக்குப் போய்விட்டார்.

எத்தனையோ இடத்தில் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். ‘அப்படியா!’ என்பார்கள், கொஞ்சம் ஆச்சரியப்பட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போவார்கள். என்ன விலை, யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. வழிகாட்டிப் புத்தகங்களில் இந்தக் கதை மொத்தமும் ‘அகர் எதிலிருந்து பெறப்படுகிறது? – கடற்பாசி’ என்று நாலு சொல்லில் முடிந்துவிடும். சமையலறை, பக்கத்து வீட்டார், பெயர் விட்டுப்போன மனைவி, கொடுக்கப்படாத காசு என்று புத்தகம் வேண்டாமென்று உதறியதை எல்லாம் அந்தக் கரையில் இருந்தவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார். மச்சானின் கேள்வியும் இதுதானே என்று வரும் வழியில் பேருந்தில் தோன்றியது. அவர் துணுக்கைக் கேலி செய்ததாகவே நான் அதுவரை எடுத்துக்கொண்டிருந்தேன். ஏலத்தில் நிற்கிறவருக்கு எந்தத் தகவலும் எங்கே போய் முட்டுகிறது என்று பார்க்காமல் விடப் பழக்கம் இல்லை. நான் பாதியில் நிறுத்தினேன், அவர் மீதியைக் கேட்டார்.

அடுத்த முறை போனபோது கேள்வியைத் திருப்பிப் போட்டேன். கணவாய் புதுசா பழசா என்று எப்படிப் பார்க்கிறீர்கள் மச்சான்? “தோலப் பாக்கணும் மாப்ளே. இப்பத்தான் ஏறுன கணவாயில புள்ளி புள்ளியா விரிஞ்சு சுருங்கிட்டு இருக்கும். தொட்டா அந்த எடத்துல நெறம் ஓடும். அது நின்னுபோச்சுன்னா நேரமாச்சுன்னு அர்த்தம்.” தோலில் இருக்கிற நிறப்பைகளைச் சுற்றிலும் உள்ள நுண்தசைகள் இழுத்து விரிப்பதால் நடப்பது அது, உயிர் போன பிறகும் கொஞ்ச நேரம் தசை துடித்துக்கொண்டிருக்கும். நான் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் பணம் கொடுத்து வாங்குகிற இடத்தில் தினமும் பயன்படுத்துகிறார். அதை ஒரு ‘தகவல்’ என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. உங்களுக்குத் தெரியுமா என்று தலைப்புப் போட்டு அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை.

ஒரு சொல்லில் விடை

இந்தச் சமயத்தில்தான் கடலோரப் பள்ளி ஒன்றில் வினாடி வினாவுக்குக் கேள்வி எழுதித் தரச் சொன்னார்கள். நம்ம மாவட்டம் பற்றியே இருக்கட்டும் என்றார் பொறுப்பாசிரியர். நல்ல மனிதர், என்னைப் போலவே கிறுக்கு உள்ளவர். நிபந்தனை ஒன்றுதான்: விடை ஒரு சொல்லிலோ ஓர் எண்ணிலோ அடங்க வேண்டும். அடங்காவிட்டால் மேடையில் சண்டை வரும்.

எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. பாம்பன் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திறந்த ஆண்டு 1914. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் சிதைந்தது. ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்யப்பட்டது. புதிய பாலம் திறந்தது 2025 ஏப்ரல் 6. எல்லாமே ஒரு சொல், ஒரு எண். இந்த 46ஐ மாவட்டத்தில் தெரியாத பிள்ளை கிடையாது. எப்படி 46 நாளில் முடிந்தது என்று கேட்டால் வாத்தியார்களே யோசிப்பார்கள். ரயில்வே முதலில் கொடுத்த கெடு ஆறு மாதம். தண்டவாளத்தைத் தாங்குகிற இரும்பு உத்தரங்களான கர்டர்கள் நூற்றுக்கு மேல் புதிதாகக் கொண்டுவர வேண்டும் என்று கணக்குப் போட்டால் அப்படித்தான் ஆகும். கடலுக்கு அடியில் கிடந்த பழைய கர்டர்களையே தேடிப் பிடித்து, தூக்கி, திரும்பத் தூண்மேல் வைத்ததால்தான் நாள் குறைந்தது. அப்போது ஸ்ரீதரனுக்கு முப்பத்திரண்டு வயது, அமைச்சர் கொடுத்த வெகுமதி ஆயிரம் ரூபாய். கப்பலுக்காகத் திறக்கிற நடுப்பகுதி அந்தப் புயலில் தப்பித்தது. அதைப் பல பத்தாண்டுகள் மோட்டார் எதுவும் இல்லாமல், ஆட்கள் நெம்புகோலைத் தள்ளிக் கையால்தான் திறந்தார்கள். புதிய பாலத்தில் 72 மீட்டர் நீளத்துக்கு அந்தப் பகுதி அப்படியே செங்குத்தாக மேலே ஏறுகிறது, மின்சாரத்தில். இதில் எதை ஒரு சொல்லில் கேட்பது?

சில கேள்விகளை எண்ணிலேயே விட்டேன், சண்டைக்குப் பயந்து. சிலவற்றைக் காரணம் கேட்கிற மாதிரி மாற்றினேன். மிளகாயைக் கிளி தின்பது ஏன், வடக்குக் கரையில் அலை எந்த மாதத்தில் அதிகம், பாசி எடுக்க அமாவாசையை ஏன் பார்க்கிறார்கள். கடைசியாக ஒன்று: கஞ்சிப்பாசியைவிட மரிக்கொழுந்துப் பாசிக்கு வியாபாரி ஏன் கூடுதல் விலை கொடுக்கிறார்?

ஆசிரியர் பட்டியலைப் படித்துக்கொண்டே வந்தார். கிளி பிடித்திருந்தது. அலை பற்றிய கேள்விக்கு, “பசங்க ரெண்டு கட்சியாப் பிரிஞ்சிருவாங்க சார், தனுஷ்கோடிப் பையன் ஒண்ணு சொல்வான், தொண்டிப் பையன் ஒண்ணு சொல்வான்” என்றார். பிரியட்டும் என்றேன். பாசிக் கேள்வியில் வந்து நின்றுவிட்டார். “இதுக்கு விடை எந்தப் புத்தகத்துல இருக்கு?” புத்தகத்தில் தேடினால் அகரின் உறுதி பற்றிக் கிடைக்கும், விலை பற்றிக் கிடைக்காது என்றேன். நடுவர் வெளியூர்க்காரர், அவரிடம் எதைக் காட்டிச் சரி, தவறு என்று சொல்ல முடியும் என்பது அவருடைய கவலை. அதுவும் நியாயமான கவலைதான். நாலு வரியில் விளக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன் என்றேன். அதற்கும் அவர் முழுசாகச் சம்மதிக்கவில்லை. கடைசியில், இரண்டு அணி சமமாக வந்தால் மட்டும் கேட்கிற உதிரிக் கேள்விகளில் அதைச் சேர்த்திருக்கிறார். மச்சானிடம் சொன்னேன். “சமமா வரலைன்னா?” என்று கேட்டுவிட்டு, ஏலத்துக்கு நேரமாகிவிட்டதென்று வண்டியைக் கிளப்பினார்.